படக்கோப்புப் பிணக்கும் விதிநூற் குற்றமும்: டிஃப் 6.0 பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

பாடபேதங் கண்டு மூலபாடந் துணிதல் பதிப்பாசிரியரின் தலையாய பணியாகும். ஓலையில் ஒருவர் எழுதியதனைப் பின்னொருவர் பெயர்த்தெழுதுங்கால் எழுத்து மாறுதலும், அடி விடுபடுதலும், ஏடு முறை பிறழ்தலும் நேர்வது இயல்பு. அவை யாங்ஙனம் நேர்ந்தன என ஆராயும் நெறியினைத் தமிழ் பயில்வார் நன்கறிவர். இக்காலத்துச் சுவடிகளையும் பழம்பதிப்புக்களையும் படமாக்கிக் கணிப்பொறியிற் சேமித்து வைக்கும் வழக்கம் பெருகியுள்ளது. ஏட்டினைக் கையால் தொடாமலே, அதன் படக்கோப்பு ஒன்றனையே துணையாகக் கொண்டு ஆராயும் மாணவரும் பலராயினர்.

அங்ஙனம் ஆராய்வார்க்கு ஓர் இடையூறு அடிக்கடி நேர்கின்றது. ஒரு மென்பொருளிற் செவ்வனே தோன்றும் படம் மற்றொன்றில் திறவாதொழிகின்றது. திறந்தவிடத்தும், கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் மாறித் தோன்றுதலும், நிறம் திரிதலும், படம் பக்கவாட்டிற் சாய்ந்து கிடத்தலும், பல பக்கமுடைய கோப்பில் முதற்பக்கம் ஒன்றே காணப்படுதலும் உண்டு. இவற்றைக் கணிப்பொறி வல்லார் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு தொல்லைகள் என ஒதுக்குவார் பலர். அவை அவ்வாறு ஒதுக்கத்தக்கன அல்ல. படத்தையே மூலச்சான்றாகக் கொள்வார்க்கு அச்சான்று பிழையாகத் தோன்றுதலும் பாடபேதமேயாம்.

இப்பிணக்குக்களின் பெரும்பகுதிக்குக் காரணம் மென்பொருள் செய்தார் சோர்வு எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அக்கருத்து ஒரு பகுதியே உண்மை. கோப்பின் வடிவத்தை வரையறுக்கும் விதிநூலிலேயே குற்றம் உளதாயின், அதனைப் பின்பற்றுவோர் தத்தம் கருத்துக்கேற்ப வேறுபடுவர். நூற்குற்றங் காணும் நம் மரபுவழி நின்று அவ்விதிநூலை ஆராயின், பிணக்கின் காரணமும் அதனைத் தீர்க்கும் முறையும் ஒருங்கே புலனாம். இதற்குத் தக்க எடுத்துக்காட்டு, சுவடிப் படங்களைச் சேமிக்கப் பெரிதும் கையாளப்படும் டிஃப் என்னும் வடிவமாகும். அதன் 6.0 ஆம் பதிப்பே ஈண்டு ஆராயப்படுகின்றது.

படக்கோப்பின் இயல்பு

படக்கோப்பு என்பது படம் அன்று. படத்தை மீண்டும் ஆக்கிக்கொள்ளுதற்கு உதவும் எண்களின் தொடர். அவ்வெண்கள் பைட் எனப்படும் கூறுகளாக அமையும். ஒரு பைட் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைக் கொள்ளும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் குறிக்கப்படும். 6,000 புள்ளி அகலமும் 4,000 புள்ளி உயரமும் உடையதாக ஓர் ஏட்டின் ஒரு பக்கம் படமெடுக்கப்படின், புள்ளிகள் 2 கோடியே 40 இலட்சம் ஆகும்; அளவொன்றுக்கு ஒரு பைட் எனக் கொண்டால் 7 கோடியே 20 இலட்சம் பைட் வேண்டப்படும்.

இவ்வெண்களை மட்டும் நிரல்பட வைத்தால் ஒருவரும் படம் காண இயலாது. வரியொன்றுக்கு எத்துணைப் புள்ளி, 0 என்பது கருமையா வெண்மையா, எண்கள் சுருக்கி எழுதப்பட்டனவா, ஆயின் எம்முறையால் என்பனவெல்லாம் கோப்பினுள்ளேயே கூறப்படல் வேண்டும். இவற்றை எங்கு, எவ்வாறு கூறுவது என வரையறுப்பதே விதிநூல். கோப்பினை எழுதும் மென்பொருளும் படிக்கும் மென்பொருளும் அவ்விதிநூலுக்கு உரைகாண்போர் போல்வன. ஒரு நூற்பாவுக்கு உரையாசிரியர் இருவர் இருவேறு பொருள் கொண்டாற்போல, ஒரு விதிக்கு இரண்டு மென்பொருள்கள் இருவேறு பொருள் கொள்ளின் பிணக்கு எழும்.

டிஃப் தோன்றிய வரலாறு

1985 ஆம் ஆண்டளவில் கணிப்பொறியைக் கொண்டு பக்கம் அமைத்து அச்சிடும் முறை பரவத் தொடங்கியது. அதற்கெனப் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளை வெளியிட்ட ஆல்டஸ் நிறுவனம் ஓர் இடர்ப்பாட்டைக் கண்டது. படத்தை வருடிக் கணிப்பொறிக்குத் தரும் ஸ்கேனர்களைச் செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனியொரு கோப்பு வடிவத்தை வைத்திருந்தனர். அனைவர்க்கும் பொதுவாகிய வடிவம் ஒன்று வேண்டி 1986 இல் டிஃப் வெளியிடப்பட்டது. 1987 இல் நான்காம் பதிப்பும், 1988 இல் ஐந்தாம் பதிப்பும், 1992 ஜூனில் ஆறாம் பதிப்பும் தோன்றின. 1994 இல் ஆல்டஸ் நிறுவனம் அடோபி நிறுவனத்துடன் இணைந்தது. அதன்பின் ஏழாம் பதிப்பு வெளிவரவில்லை. ஆறாம் பதிப்பே இன்றுகாறும் அடிப்படை நூலாக விளங்குகின்றது.

எனவே, பிணக்கைத் தீர்க்க எழுந்த நூல் இஃது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும் பிற்காலத்தார் அதன் ஆங்கிலப் பெயரின் நான்கு எழுத்தினையும் விரித்து, ‘ஆயிரக்கணக்கான ஒவ்வாக் கோப்பு வடிவங்கள்’ எனப் பொருள்கொண்டு எள்ளலாயினர். பொதுமை வேண்டி எழுந்தது பிரிவினைக்கு இடமானது யாங்ஙனம் என்பதே நம் வினா.

டிஃப் கோப்பின் அமைப்பு எளியது. முதல் நான்கு பைட் அதன் இனத்தைக் காட்டும். எண்களின் சிற்றிலக்கம் முன்னாகப் பைட்டுக்கள் வைக்கப்பட்டிருப்பின் 73, 73, 42, 0 எனவும், பேரிலக்கம் முன்னாயின் 77, 77, 0, 42 எனவும் அவை வரும். அடுத்த நான்கு பைட், படப்பட்டியல் எங்குள்ளது என்பதைச் சுட்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு குறியெண்ணைத் தலைப்பாகக் கொண்டது. 256 என்பது அகலம். 257 என்பது உயரம். 259 என்பது சுருக்குமுறை. 262 என்பது எண்ணுக்கு நிறப்பொருள் கொள்ளும் முறை. 274 என்பது படம் நிற்கும் நிலை. ஒரு பட்டியலின் ஈற்றில் அடுத்த பட்டியலின் இடம் சுட்டப்படும். ஆதலின் ஒரு கோப்பில் பல படங்களை அடுக்கி வைத்தல் இயலும். புதுக் குறியெண்களைச் சேர்த்துக் கொள்ளவும் இடமுண்டு. 32768 முதலாய எண்கள் தனியார் பயன்பாட்டிற்கென ஒதுக்கப்பட்டன.

நன்னூலார் நூற்குற்றம் பத்தெனத் தொகுத்தனர். அவற்றுட் சில, இலக்கண நூலுக்கேயன்றிப் பிறர் பின்பற்றுதற்கென எழும் எவ்விதிநூலுக்கும் பொருந்துவன. அவற்றை அளவுகோலாகக் கொண்டு டிஃப் 6.0 ஐ இனி நோக்குவோம்.

குன்றக்கூறல்

ஆறாம் பதிப்பு தன்னை இரு கூறாக்கிக்கொண்டது. எல்லா மென்பொருளும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைப் பகுதி ஒன்று. விரும்பினார் மட்டும் மேற்கொள்ளும் விரிவுப் பகுதி மற்றொன்று. இப்பாகுபாடு அறிவுடைமையதே. ஆனால் அடிப்படையின் எல்லை மிகச் சுருங்கியதாய் அமைந்தது. சுருக்காமை, ஒருவகைத் தொலைநகற் சுருக்கம், பேக்பிட்ஸ் என்னும் எளிய சுருக்கம் ஆகிய மூன்றனையும் அறிந்தாற் போதும். படத்தின் நிலையைக் குறிக்கும் 274 ஆம் குறியெண்ணுக்கு எட்டு மதிப்புக்கள் கூறப்பட்டன; எனினும் இயல்பு நிலையாகிய 1 ஒழிந்த ஏழனையும் அறிந்திருத்தல் கட்டாயம் அன்று எனவும் கூறப்பட்டது. அன்றியும், ஒரு கோப்பில் பல படங்கள் இருப்பினும் முதற்பட்டியலுக்கு அப்பால் படித்தல் அடிப்படை மென்பொருளின் கடமையன்று என்று நூல் வெளிப்படையாக விலக்களித்தது.

இவ்விலக்கின் விளைவை நாம் நுணுகி நோக்க வேண்டும். நாற்பது ஏடுடைய சுவடியொன்றை எண்பது பக்கப் படங்களாக ஒரே டிஃப் கோப்பில் ஒருவர் அடுக்கி வைத்தார் எனக் கொள்வோம். சுருக்குமுறையால் அதன் அளவும் அடங்கியதெனவே கொள்வோம். அதனைத் திறக்கும் மென்பொருள் முதற்பக்கம் மட்டுமே காட்டுமாயின் அது விதி மீறியதாகாது. விதி தந்த உரிமையின்படியே ஒழுகியதாகும். காண்பவர் படத்தின் ஒளியைச் சிறிது திருத்தி அதே பெயரிற் சேமிப்பாராயின், எஞ்சிய எழுபத்தொன்பது பக்கமும் ஒழிந்துபோம். எச்சரிக்கைச் சொல் ஒன்றும் தோன்றாமலே இவ்வழிவு நேரக்கூடும். எழுதுவோர்க்குப் பல படம் சேர்க்க உரிமை தந்த நூல், படிப்போர்க்கு அவற்றைக் காணும் கடமையை விதியாது விட்டமை குன்றக்கூறல் என்னும் குற்றமாம்.

இதனோடு ஒட்டிய மற்றொரு குறையும் உண்டு. பட்டியலில் இடஞ்சுட்டும் எண்கள் நான்கு பைட் அளவின. ஆகவே ஒரு கோப்பு 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் பைட்டைக் கடத்தல் இயலாது. மேற்கூறிய அளவில் ஒரு பக்கத்திற்கு 7 கோடியே 20 இலட்சம் பைட் எனின், சுருக்காது வைத்த பக்கங்கள் 59 அளவே ஒரு கோப்பில் அடங்கும். 60 ஆம் பக்கம் சேருங்கால் எல்லை கடக்கும். பின்னர் இடஞ்சுட்டும் எண்ணை எட்டு பைட்டாக விரித்துப் பிக்டிஃப் என்னும் வடிவம் வகுக்கப்பட்டது. அதன் அடையாள எண் 42 அன்று, 43. பழைய மென்பொருள் அதனைக் கண்டவுடன் ‘இது டிஃப் அன்று’ என விலக்கும். அவ்விலக்கு நேரியதே. ஆயின் கோப்புப் பெயரின் விகுதி இரண்டற்கும் ஒன்றாகவே பெரும்பாலும் வழங்குதலின், பயன்படுத்துவார் கோப்புப் பழுதுற்றது என மயங்குவர்.

மயங்கவைத்தல்

கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 என்பது யாது? 262 ஆம் குறியெண்ணின் மதிப்பு 0 ஆயின் 0 என்பது வெண்மை; மதிப்பு 1 ஆயின் 0 என்பது கருமை. இரண்டும் அடிப்படைப் பகுதியில் உடன்பாடே. தொலைநகல் வழி வந்த படங்கள் முன்னதையும், ஒளிப்பட வழி வந்தவை பின்னதையும் பெரும்பான்மை கொள்ளும். இக்குறியெண் கட்டாயம் இருத்தல் வேண்டுமென்றும், இல்லாதவிடத்துக் கொள்ளத்தக்க இயல்பு மதிப்பு இல்லையென்றும் நூல் கூறிற்று. கூறியும், அக்குறியெண் இன்றி எழுதப்பட்ட கோப்புக்கள் தோன்றின. இருந்தும் அதனை நோக்காத மென்பொருள்களும் தோன்றின. கோப்பு விதி பிறழ்ந்து வரின் அதனை விலக்குக என்றோ, இன்னவாறு கொள்க என்றோ நூல் துணிந்து கூறாமையின் ஒவ்வொரு மென்பொருளும் தான் வேண்டியவாறு ஊகித்தது. எழுத்து வெண்மையாகவும் தாள் கருமையாகவும் தோன்றும் படத்திற்குப் பெரும்பான்மை இதுவே காரணம். புள்ளிகள் யாவும் கோப்பில் வழுவின்றி உள்ளன; பொருள் கொள்ளுதலே தலைகீழாயிற்று.

நிறமுடைய படங்களில் இம்மயக்கம் வேறு உருவம் எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றாக எழுதுதல் ஒரு முறை. ஒளியளவு ஒன்றும் நிற வேறுபாடு இரண்டுமாக எழுதுதல் மற்றொரு முறை. ஜேபெக் என்னும் சுருக்கத்தில் இம்முறையே பெரிதும் வழங்கும். ஒன்றனை மற்றொன்றாகக் கொண்டு படித்தால் உருவம் சிதையாது நிறம் மட்டும் பசுமையும் இளஞ்சிவப்புமாகத் திரிந்து தோன்றும். உருவம் செம்மையாக இருப்ப நிறம் மட்டும் முற்றும் திரிந்ததெனின், புள்ளிகள் அழிந்தன என அஞ்ச வேண்டுவதில்லை. குறியெண் 262 ஐ ஐயுறுக.

கூறியது கூறலும் மாறுகொளக்கூறலும்

ஆறாம் பதிப்பின் பெருங்குற்றம் அதன் இருபத்திரண்டாம் பகுதியில் உளது. ஒளிப்படங்களைப் பெரிதும் சுருக்கவல்ல ஜேபெக் முறை அக்காலத்தேதான் உலகப் பொது விதியாக உருப்பெற்று வந்தது. அதனை டிஃப் கோப்பினுள் வைக்கும் முறையினை அப்பகுதி வகுத்தது. சுருக்குமுறையைச் சுட்டும் 259 ஆம் குறியெண்ணுக்கு 6 என்னும் மதிப்பு இதற்கென ஒதுக்கப்பட்டது.

ஜேபெக் தொடர் தன்னளவில் நிறைவுடையது. தன்னை விரித்தற்கு வேண்டிய அட்டவணைகளைத் தன்னகத்தே கொண்டது. இருபத்திரண்டாம் பகுதியோ அவ்வட்டவணைகளைத் தொடரினின்று பிரித்தெடுத்து, கோப்பில் வெவ்வேறிடங்களில் வைத்து, 519, 520, 521 என்னும் குறியெண்களால் அவ்விடங்களைச் சுட்டியது. சுட்டிய இடத்திலுள்ள அட்டவணையின் நீளத்தைப் பட்டியல் கூறாது. ஆகவே ஜேபெக் அறியாத பொது மென்பொருள் ஒன்று கோப்பினைப் பெயர்த்தெழுதுங்கால் சுட்டெண்ணை மட்டும் எழுதும். சுட்டப்பட்ட அட்டவணையை விட்டுவிடும். பெயர்த்தெழுதிய கோப்பில் அச்சுட்டெண் வேறு எதனையோ சுட்டி நிற்கும். ஏட்டில் ‘இதன் உரை முப்பதாம் ஏட்டிற் காண்க’ என்றிருப்பதை அவ்வாறே எழுதி, அம்முப்பதாம் ஏட்டினை மட்டும் பெயர்த்தெழுதாது விட்டாற் போன்றது இஃது.

மேலும், முழு ஜேபெக் தொடரையும் ஒருங்கே வைத்து 513 ஆம் குறியெண்ணால் சுட்டவும் அப்பகுதி இடந்தந்தது. ஆகவே ஒரே படத்தை அடையும் வழி இரண்டாயின. இது கூறியது கூறல். இரு வழியும் ஒன்றுபட்டிருப்பின் தீங்கில்லை. ஒன்றுபடாதவிடத்து எதனைக் கொள்வது? ஒரு மென்பொருள் முன்னதையும் மற்றொன்று பின்னதையும் கொள்ளின், ஒரே கோப்பு இருவேறாகத் திறக்கும்; அல்லது ஒன்றில் திறந்து மற்றொன்றில் திறவாதொழியும். கூறியது கூறல் மாறுகொளக்கூறலாக முடியும் நிலை இதுவேயாம்.

புறனடையும் அதன் எல்லையும்

இக்குற்றங்களை முறையாக எடுத்துக்காட்டியவர் ஜேபெக் மென்பொருளை அனைவர்க்கும் இலவசமாக வழங்கிய குழுவின் அமைப்பாளராகிய டாம் லேன் என்பார். 1995 மார்ச்சில் எழுந்த ‘டிஃப் நுட்பக் குறிப்பு 2’ இருபத்திரண்டாம் பகுதியை விலக்கி, புதுமுறை ஒன்று வகுத்தது. படத்தின் ஒவ்வொரு துண்டும் தன்னளவில் நிறைந்த ஜேபெக் தொடராக இருத்தல் வேண்டும்; அனைத்திற்கும் பொதுவாகிய அட்டவணைகள் 347 ஆம் குறியெண்ணின்கீழ் நீளத்தோடு வைக்கப்படலாம்; இம்முறைக்கு 259 ஆம் குறியெண் 7 என்னும் மதிப்பினைக் கொள்ளும் என்பன அதன் விதிகள். பழைய 6 ஐத் திருத்தாது 7 எனப் புதிய எண் கொண்டமை போற்றத்தக்கது. ஒரே எண்ணுக்கு இருபொருள் உண்டாகி மயக்கம் மேலும் பெருகாதவாறு அது காத்தது.

இக்குறிப்பு நூலின் இறுதியிற் சேர்க்கத்தக்க புறனடை போன்றது. ஆயின் மூலநூலின் அடுத்த பதிப்பு தோன்றாமையால், புறனடை நூலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மூலநூலை மட்டும் கற்று மென்பொருள் செய்தவர் 6 ஐ எழுதினர். புறனடையும் கற்றவர் 7 ஐ எழுதினர். சாம் லெஃப்ளர் தொடங்கிய லிப்டிஃப் என்னும் பொது நிரல்தொகுதி இவ்விரண்டனையும் படிக்க முயல்கின்றது. பலவகை மென்பொருள்களும் அதனையே உள்ளே கொண்டு இயங்குதலின், எழுதப்பட்ட விதிக்கு மேலாக அந்நிரல்தொகுதியின் நடையே வழக்காயிற்று. இலக்கணம் திருத்தம் பெறாதவிடத்து வழக்கு இலக்கணத்தின் இடத்தைக் கைக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

பிணக்கு அனைத்தும் நூற்குற்றத்தால் விளைந்தன என்றல் பொருந்தாது என்பதையும் நடுநிலை கருதிக் கூறுதல் வேண்டும். ஐந்தாம் பதிப்பிற் சேர்க்கப்பட்ட எல்.இசட்.டபிள்யூ என்னும் சுருக்குமுறை வழுவற்றது. படத்தில் ஒரு புள்ளியையும் இழவாது சுருக்குவது. எனினும் அதன் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. உரிமைக் கட்டணம் வேண்டப்படும் என்பது 1994 இறுதியில் அறிவிக்கப்படவே, இலவச மென்பொருள் செய்தார் பலர் அம்முறையைத் தவிர்த்தனர். அமெரிக்காவில் அவ்வுரிமை 2003 ஜூனில் முடிவுற்றது. இடைப்பட்ட காலத்து மென்பொருள் ஒன்று அக்கோப்பினைத் திறவாதாயின், அதன் காரணம் விதிநூலில் இல்லை, சட்டத்தில் உளது.

ஒரு தடையும் அதற்கு விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். ‘டிஃப் நூல் விரிவுக்கு இடந்தந்தமையால் அன்றோ நாற்பதாண்டளவு வாழ்கின்றது? கட்டாயம் பல விதித்திருப்பின் அது வழக்கொழிந்து போயிருக்கும் அன்றோ?’ என்பது அத்தடை. இதில் உண்மை உண்டு. பலவகை அளவும், பலவகை நிறமுறையும், தனியார் குறிப்புக்களும் கொள்ளவல்லது டிஃப். நூலகங்கள் அதனை விரும்பக் காரணமும் அந்நெகிழ்ச்சியே. நாம் குறை கூறுவது நெகிழ்ச்சியை அன்று. தான் அறியாததொன்றைக் காணும் மென்பொருள் யாது செய்தல் வேண்டும் என்பதை நூல் போதிய அளவு விதியாமையையே குறை என்கின்றோம்.

நெகிழ்ச்சியும் வரையறையும் ஒருங்கே நிற்றல் கூடும் என்பதற்குப் பி.என்.ஜி. என்னும் வடிவம் சான்றாம். மேற்கூறிய காப்புரிமைச் சிக்கலை ஒட்டி 1995 இல் அதன் ஆக்கம் தொடங்கியது. 1996 அக்டோபரில் முதல் விதிநூல் வெளிவந்தது. அக்கோப்பு பல கூறுகளால் ஆகியது. ஒவ்வொரு கூறும் நான்கு ஆங்கில எழுத்தாலாகிய பெயருடையது. முதலெழுத்துப் பெரிய வடிவினதாயின் அக்கூறு இன்றியமையாதது. அதனை அறியாத மென்பொருள், படத்தைக் காட்ட இயலாமையைத் தெரிவித்தல் வேண்டும். சிறிய வடிவினதாயின் அறியாதார் அதனை விடுத்து மேற்செல்லலாம். நான்காம் எழுத்தின் வடிவம், அறியாத கூறினைப் பெயர்த்தெழுதலாமா ஆகாதா என்பதைக் காட்டும். அறியாமைக்கும் விதி வகுத்த நூல் இது. மேலும் ஒவ்வொரு கூறின் ஈற்றிலும் வழு காணும் சரிபார்ப்பு எண் உண்டு. ஆகவே ஒரு பைட் சிதையினும் படிக்கும் மென்பொருள் அதனைக் கண்டறியக்கூடும்.

இதனால் பி.என்.ஜி. எல்லாவற்றானும் டிஃபினும் உயர்ந்தது என நாம் கூறவில்லை. பல பக்கங்களை ஒரு கோப்பில் அடுக்க அது இடந்தராது. அச்சிடுதற்கு வேண்டும் நான்கு மை நிறமுறையும் அதற்கு இல்லை. அதன் பரப்புச் சிறிது. அப்பரப்பினுள் அதன் விதி தெளிவு. டிஃபின் பரப்புப் பெரிது. பரப்பின் எல்லையில் விதி மங்குகின்றது. இதுவே இரண்டன் வேறுபாடு.

பிணக்கின் காரணம் காணும் முறை

இவ்வாராய்ச்சியினின்று, பிணக்குற்ற கோப்பினைக் கையாளும் நெறி ஒன்று பெறப்படுகின்றது. அது பதிப்பாசிரியர் மேற்கொள்ளும் நெறியோடு ஒத்தது.

முதலாவது, மூலத்தைத் தொடாதே படி ஒன்று எடுத்து அப்படியில் ஆராய்தல் வேண்டும். திறந்து பார்த்தலோடு நில்லாது அதே பெயரிற் சேமித்தலே பேரிழப்புக்கு வாயில். ஜேபெக் கோப்பாயின் திருத்திச் சேமிக்குந்தோறும் படம் மீளவும் சுருக்கப்பட்டு நுண்மை சிறிது சிறிதாகக் குறையும். பெயர்த்தெழுதுந்தோறும் பிழை பெருகும் சுவடியை இஃது ஒக்கும்.

இரண்டாவது, பெயரை நம்பாது அகச்சான்றை நோக்குதல் வேண்டும். கோப்புப் பெயரின் விகுதியை மாற்றுவதால் உள்ளீடு மாறாது. அட்டையிற் பெயர் மாற்றி எழுதுவதால் நூல் மாறாமை போல. கோப்பின் முதற் பைட்டுக்களே அதன் இனத்தை உணர்த்தும். டிஃபின் அடையாளம் முன்னர்க் கூறினாம். 255, 216, 255 எனத் தொடங்கின் ஜேபெக்; 137, 80, 78, 71 எனத் தொடங்கின் பி.என்.ஜி. 2017 ஆம் ஆண்டிற்குப் பின் ஐபோன் கருவிகள் ஹைக் என்னும் வேறொரு வடிவத்தில் ஒளிப்படம் எடுக்கும் வழக்கம் மேற்கொண்டன. அவற்றின் படத்தை ஜேபெக் எனப் பெயர் மாற்றி அனுப்பின் பழைய மென்பொருள் திறவாது. கோப்பின் பைட்டுக்களை எண்ணாகக் காட்டும் கருவிகள் எளிதிற் கிடைக்கும். இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும்.

மூன்றாவது, ஒரு மென்பொருளின் கூற்றைக்கொண்டு கோப்புப் பழுதுற்றது எனத் துணிதலாகாது. தம்முள் வேறாகிய இரண்டு மூன்று மென்பொருள்களில் திறந்து ஒப்பிடுதல் வேண்டும். ஒன்றிலேனும் செம்மையாகத் திறப்பின் கோப்பு நன்று. பிணக்கு உரைகோடலில் உளது. எதனிலும் திறவாதாயின் படியெடுத்தலில் நேர்ந்த சிதைவினை ஐயுறுக. மூலம் இருக்குமிடத்தினின்று மீண்டும் படி பெறுக.

நான்காவது, குறியைக் கண்டு காரணத்தைத் துணிதல் வேண்டும். கருமை வெண்மை மாறின் 262 ஆம் குறியெண். படம் சாயின் 274. திறக்கவே இயலாதாயின் 259 ஆம் குறியெண்ணின் மதிப்பு. பக்கம் குறையின் இரண்டாம் பட்டியல் முதலியன. நிறம் முற்றும் திரியாது சிறிதே மங்கின் அல்லது மிகின், கோப்பினுட் பொதிந்த நிறவரையறைக் குறிப்பினை ஒரு மென்பொருள் கொள்ளப் பிறிதொன்று கொள்ளாமை காரணமாகலாம். மையின் நிறங்கொண்டு திருத்தக் கையினையும் முதற் கையினையும் வேறுபடுத்துவார்க்கு இது சிறுகுறையன்று.

ஐந்தாவது, காரணம் துணிந்தபின் புதுக்கோப்பொன்றாகப் பெயர்த்தெழுதுதல் வேண்டும். அதனை அடிப்படை விதிக்குள் அடங்குமாறு, சுருக்காது, ஏட்டின் பக்கம் ஒன்றற்கு ஒரு கோப்பாக எழுதுதல் நன்று. எழுதியபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பக்க எண்ணிக்கையும் அகல உயரமும் ஒத்தனவா எனக் காணல் வேண்டும். எம்மென்பொருளால், எந்நாளில், எம்மாற்றம் செய்யப்பட்டது என்பதைக் குறித்து வைத்தலும் கடமையாம்.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றால், படக்கோப்புப் பிணக்கு தற்செயலாக நேர்வதன்று என்பதும், குன்றக்கூறலும் மயங்கவைத்தலும் கூறியது கூறலும் உடைய விதிநூல் தன்னைப் பின்பற்றுவோரைத் தம்முள் மாறுபடச் செய்யும் என்பதும் பெறப்பட்டன. டிஃப் 6.0 தன் காலத்திற்குப் பெருந்தொண்டு ஆற்றியது. அதன் அடிப்படைப் பகுதி இன்றும் உறுதியானது. அதன் விரிவுப் பகுதிகளை, சிறப்பாக இருபத்திரண்டாம் பகுதியை, நிலைத்த சேமிப்புக்கு நம்புதல் தகாது.

இஃது ஏன் நம் துறையார்க்கு உரிய பொருளாகின்றது எனின், கூறுதும். ஓலை நிலையாதது. செல்லும் ஈரமும் அதனை அரித்துச் செல்கின்றன. படமெடுத்த பின்னர் ஏடு அழிந்ததாயின், படக்கோப்பே எஞ்சிய ஒரே சான்றாகும். அச்சான்றினை எழுதிய மென்பொருள் வழக்கொழிந்த காலத்துப் படிப்பார் ஒருவர், விதிநூல் ஒன்றனையே துணையாகக் கொண்டு அதனைத் திறக்க வேண்டியவராவர். அந்நாளில் அவர் திறக்குமாறு எழுதுவது இன்று சேமிப்பார் கடன். ஆகலின் சுவடிப் படங்களைத் தொகுக்கும் நூலகங்கள் எவ்வடிவம், எச்சுருக்குமுறை, எந்நிறமுறை என்பவற்றைத் தொகுதிதோறும் எழுதி வைத்தல் வேண்டும். ஆராய்ச்சி மாணவரும் தாம் கண்ட படம் எக்கோப்பினின்று எம்மென்பொருளாற் காணப்பட்டது என்பதை, ஏட்டெண் கூறுவது போலவே, தம் ஆய்வேட்டிற் கூறுதல் வேண்டும். பாடங்கோடலின் முதற்படி பிரதி யாது எனத் தெளிதலே. படக்கோப்பும் ஒரு பிரதியே என்பது இவ்வாராய்ச்சியின் முடிபாகும்.